மோதலுக்குப் பின் ஓடாத கார்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

முன்பக்கம் நசுங்கிய காரை டிங்கரிங் பட்டறையில் விட்டு, இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்துப் போவதற்கும் பானெட்டும் பம்பரும் ரேடியேட்டரும் வந்து சேர்வதற்கும் வாரக்கணக்கில் பொறுத்திருந்து, கடைசியில் புதுப் பெயின்ட் பளபளக்க நிற்கும் அந்த வண்டியில் ஆவலோடு ஏறிச் சாவியைத் திருப்புகிறவருக்கு, எஞ்சின் உயிர் பெறாமலே போனாலும், உயிர் பெற்ற மறுகணமே குலுங்கி நின்றுவிட்டாலும் உண்டாகும் மனக்கிலேசம் சாமானியமானதன்று. அந்தக் கிலேசத்தின் நடுவே அவர் காதில் விழும் அபிப்பிராயங்களை நம்பிப் பணத்தை வீணாக்கியவர்களை நான் கண்டிருப்பதால், அவற்றை நிதானமாகப் பரிசீலிப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

எல்லாவற்றிலும் பரவலான நம்பிக்கை, “இடித்த இடியில் எஞ்சினே போய்விட்டது” என்பது. இதற்கு விடை காண ஒரு கருவியும் வேண்டியதில்லை, “இடித்த பிறகு வண்டி ஓடியதா?” என்று உரிமையாளரைக் கேட்டாலே போதும். விபத்து நடந்த இடத்திலிருந்து தன் சக்தியாலேயே பட்டறைக்கு வந்து சேர்ந்த கார், பழுது பார்த்த பிறகு ஓட மறுக்கிறதென்றால், அந்தக் கோளாறு பெரும்பாலும் மோதலில் பிறந்ததன்று; கழற்றி மாட்டியதில் பிறந்தது. ரேடியேட்டர் உடைந்து தண்ணீர் ஒழுகிய பிறகும் வண்டியை ஓட்டிச் சூடாக்கியிருந்தாலும், அடி கிராங்க் புல்லி வரையில் எட்டி டைமிங் கெட்டிருந்தாலும் எஞ்சினைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. மற்றபடி, எந்தெந்த இடத்தில் மனிதர் கை பட்டதோ அந்தந்த இடத்திலிருந்தே ஆராய்ச்சியைத் தொடங்க வேண்டும்.

“பேட்டரி செத்துவிட்டது, புதிது போடுங்கள்” என்பது அடுத்தது. வாரக்கணக்கில் சும்மா நின்ற வண்டியின் பேட்டரி வற்றுவது இயல்புதான், ஆனால் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரியை வைத்துக்கொண்டும் செல்ஃப் ‘டிக் டிக்’ என்று மட்டும் ஒலிக்குமானால், குற்றம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. மின்சாரம் பேட்டரியிலிருந்து புறப்பட்டுப் போவதைப் போலவே திரும்பி வரவும் வழி வேண்டும். அந்தத் திரும்பும் வழிதான் எஞ்சினையும் பாடியையும் பேட்டரியின் எதிர்முனையோடு இணைக்கும் எர்த் வயர்கள். டிங்கர் அவற்றைக் கழற்றி, தகட்டை நிமிர்த்தி, பெயின்டர் அதன்மேல் பிரைமரும் பெயின்டும் அழகாக அடித்து, பின்னர் வேறொருவர் அந்தப் பெயின்டின் மேலேயே போல்ட்டை முறுக்கி விடுகிறார். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். பெயின்டோ மின்சாரத்தைக் கடத்தாத வஸ்து. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்த்தால் விஷயம் வெட்டவெளிச்சமாகும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டுவதே சிகிச்சை. ஒரு துண்டு உப்புத்தாளில் முடியும் இந்தக் காரியத்துக்காகப் புது பேட்டரியும் புது ஸ்டார்ட்டர் மோட்டாரும் வாங்கிய குடும்பங்கள் உண்டென்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால், “ஃபியூயல் பம்ப் போயிற்று” என்பார்கள். ஃபியட், ஃபோர்டு முதலிய கம்பெனிகளின் பல கார்களில், பலமான அதிர்ச்சி ஏற்பட்டவுடன் பம்புக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்து, தீப்பிடிக்காமல் காக்கும் ஒரு சிறு ஸ்விட்ச் உண்டு. பல வேளைகளில் அது தன் கடமையைச் செய்து நிற்கிறதேயன்றிப் பம்ப் பழுதாகவில்லை. எங்கும் பெட்ரோல் கசிவு இல்லையென்று முதலில் கண்ணாலும் மூக்காலும் நிச்சயப்படுத்திக்கொண்டு, அதன் பொத்தானை அழுத்தினால் போதும். பிற்காலத்துக் கார்களில் ஏர்பேக் யூனிட்டே இந்த வேலையைக் கவனிப்பதால், ஏர்பேக் விரிந்த வண்டியில் அந்த யூனிட்டைச் சரிசெய்யாமல் பம்பை மாற்றுவது வீண்.

“ஸ்கேனர் போட்டால் எந்தப் பாகம் கெட்டதென்று அதுவே சொல்லிவிடும்” என்பது படித்தவர்களிடத்திலும் காணப்படும் நம்பிக்கை. ஸ்கேனர் சொல்வது எந்தச் சுற்றில் குறை என்பதை. எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்பதையன்று. பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சாரின் சுற்றில் கோளாறு என்று பொருள். அது சென்சாராகவும் இருக்கலாம், நசுங்கிய வயராகவும் இருக்கலாம், சரியாக அழுத்தப்படாத கப்ளராகவும் இருக்கலாம். செல்ஃப் சுற்றும்போது ஸ்கேனர் திரையில் ஆர்.பி.எம். பூஜ்யமாகவே நிற்கிறதா என்று பார்த்து, பிறகு கப்ளரைக் கழற்றி, உள்ளே ஊசி வளைந்திருக்கிறதா, பின்னோக்கி நகர்ந்திருக்கிறதா என்று சோதிப்பதுதான் முறை. அனுமானத்துக்குப் பிரத்தியட்சமே சாட்சி.

ஸ்டார்ட் ஆகியும் ஐடிலிங் நிற்காத வண்டிக்கு, திருகைத் திருப்பி ஐடிலிங்கைக் கூட்டச் சொல்வது கார்புரேட்டர் காலத்து வைத்தியம். இன்றைய பெட்ரோல் எஞ்சின் ஏறக்குறைய 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற எடை விகிதத்தைத் தானே கணக்கிட்டுக் கொள்கிறது. ஏர் ஃபில்டரை அடுத்து நிற்கும் சென்சார் உள்ளே வரும் காற்றை அளந்து சொல்லும் கார்களில், அந்தச் சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் இடையேயுள்ள ரப்பர் ஹோஸின் அடிமடிப்பில், கைக்கு எட்டாத இடத்தில், மோதலில் விழுந்த ஒரு கீறல் இருந்தாலும், கிளாம்ப் சரியாக முறுக்கப்படாவிட்டாலும், அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து கலவையை மெலியச் செய்ய, எஞ்சின் இரண்டு விநாடி ஓடி நின்றுவிடுகிறது. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்து கணக்கிடும் கார்களிலோ, அதே கீறல் இந்தத் தொல்லையைத் தராது. அங்கே த்ராட்டிலுக்கு அப்பால் கழன்ற வாக்குவம் குழாய்தான் ஐடிலிங்கை ஏற்றிவிடும். ஆகவே எந்த வகைச் சென்சார் என்று அறியாமல் கை வைக்கலாகாது. பேட்டரியைக் கழற்றி வைத்ததால் த்ராட்டில் தன் பழைய நிலையை மறந்து, கம்பெனி விதித்த முறைப்படி மறுபடி கற்பிக்கப்பட வேண்டிய கார்களும் உண்டு.

“ஈ.சி.எம். போய்விட்டது”, அதாவது எஞ்சினை ஆளும் கணினியே கெட்டுவிட்டது என்பதை, ஃபியூஸ், எர்த், கப்ளர் இம்மூன்றும் சோதித்து முடியும்வரை யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது. அது அபூர்வம், பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் செய்த வண்டிகளில் மாத்திரம் அந்தச் சந்தேகத்துக்குச் சற்று இடமுண்டு. புது ஈ.சி.எம். போட்டாலும் இம்மொபிலைசரோடு அதைப் பொருத்தாவிட்டால் பல கார்கள் ஸ்டார்ட் ஆகா.

கார் வைத்திருக்கும் அன்பர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: தகட்டு வேலை முடிந்து வயர்கள் மாட்டப்பட்டவுடன், பம்பரை மாட்டுவதற்கு முன்பே, எஞ்சினை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஐடிலிங்கில் ஓட்டிக் காட்டும்படி பட்டறையில் கேளுங்கள், அந்த நேரத்தில் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.