தண்ணீரிற் கரையாத வாசனை

மட்டக்களப்பு வாவிக்கும் கீழைக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணற்றிடலில் அமைந்த செட்டிபாளையம் போன்ற ஊர்களில் குடியிருப்போருக்கு மாரிக்காலத்து ஈரவாடை ஆண்டுதோறும் தவறாமல் வந்து சேரும் உபாதை. கார்த்திகையிலிருந்து தை வரை வாடைக்காற்றோடு பெய்யும் மழையில் அலுமாரியிலுள்ள துணி நனையாமலே ஈரங்கொள்கிறது. சுவரோரம் சுருட்டி வைத்த பாயிற் பூஞ்சணம் படிகிறது. இதற்குப் பரிகாரமாகக் கடைச்சரக்கை விலைகொடுத்து வாங்குவானேன், கறுவா எண்ணெயோ புல்லெண்ணெயோ சில துளிகளைத் தண்ணீரிலே கலந்து ஸ்பிரே போத்தலில் ஊற்றி நாமே விசிறிக்கொள்ளலாமே என்று எண்ணுவோர் இப்போது பலர். அந்த எண்ணத்தில் யாதொரு குற்றமும் இல்லை. ஆனால் அந்த எண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு வழங்கும் நம்பிக்கைகள் சில, பணத்தையும் பண்டத்தையும் வீணாக்குவதோடு கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு விளைவிப்பனவாக இருப்பதால், அவற்றை ஒருமுறை நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது அவசியமாகிறது.

எல்லாவற்றுக்கும் மூலமான நம்பிக்கை, எண்ணெயைத் தண்ணீரில் இட்டு நன்றாகக் குலுக்கினால் அது கலந்துவிடும் என்பது. குலுக்கிய மாத்திரத்தில் தண்ணீர் பால்போல் வெளுப்பதைக் கண்டு கலந்துவிட்டதென்று திருப்தி அடைகிறோம். அதே போத்தலைச் சற்று நேரம் ஆடாமல் வைத்துவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: புல்லெண்ணெயானால், தண்ணீரின் மேல்விளிம்பில் கண்ணாடியோடு ஒட்டி, மெல்லிய மஞ்சள் வளையமாக நிற்கும். தெளிப்பானின் குழாய் போத்தலின் அடியிலிருந்தே உறிஞ்சுவதால், முதல் சில நாள்கள் வாசனையற்ற வெறுந்தண்ணீரே வெளிவர, "எண்ணெய் மட்டமானது" என்று கடைக்காரரை நொந்துகொள்கிறோம். போத்தல் தீரும் தறுவாயில், தண்ணீர் கலவாத எண்ணெய் பாய்ந்து மேசையின் பொலிஷைக் கரைத்துவிடுகிறது. கறுவா இலை எண்ணெயின் சுபாவமோ இதற்கு நேர்மாறு. அதிற் பெரும்பகுதி யூஜினோல் என்னும் பதார்த்தம். அது தண்ணீரிலும் கனமானதாகையால் அடியிற் போய்த் தங்குகிறது. அந்தப் போத்தலை முதன்முதல் அமுக்குகிறவருடைய முகத்திலே தெறிப்பது அநேகமாக எண்ணெயே. கண் எரிகிறது, தோல் சிவக்கிறது என்ற முறைப்பாடுகளுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு உபாயமாகச் சிலர் உப்பையோ அப்பச்சோடாவையோ எண்ணெயோடு பிசைந்து தண்ணீரில் இடச் சொல்கிறார்கள். துகள்களின் மீது எண்ணெய் பரவி நிற்பதாற் கலந்துவிட்டது போன்ற ஒரு தோற்றம் உண்டாவது மெய்யே. ஆயினும் துகள் கரைந்தவுடன் எண்ணெய் பழையபடி விடுபட்டுவிடும். விடுபடுவதோடு நில்லாமல், உப்பு கரைந்த நீரில் எண்ணெய் முன்னிலும் குறைவாகவே கரைகிறது. வடிநீரிற் கரைந்து நிற்கும் சொற்ப எண்ணெயைப் பிரித்தெடுப்பதற்கு ஆய்வுகூடங்களில் உப்பைச் சேர்ப்பதே வழக்கம். ஆகவே எண்ணெயைப் பிரிக்கும் வழியைச் சேர்க்கும் வழி என்று கொள்வது முற்றிலும் தலைகீழான அபிப்பிராயம். காய்ந்த சோடா, தெளிப்பானின் நுண்துவாரத்தை அடைத்துவிடுவது வேறு.

"அப்படியானால் பன்னீர் எப்படி மணக்கிறது? அதுவும் தண்ணீர்தானே?" என்ற கேள்வி எழுவது நியாயம்; கலியாண வீட்டு வாசலிற் பன்னீர்ச் செம்பு ஏந்தி வரவேற்கும் சமூகத்தில் அது எழாமல் இராது. ரோஜாவின் வாசனை ஒரே பதார்த்தம் அன்று. அதிலுள்ள பீனைல் எதைல் மதுசாரம் என்பது 100 பங்கு தண்ணீரில் ஏறத்தாழ 2 பங்கு வரை கரையவல்லது. ஆவியோடு வடித்திறக்கும்போது அது எண்ணெயோடு மிதவாமல் தண்ணீரோடு தங்கிவிடுவதாலேயே பன்னீர் பன்னீராகிறது. தேசிக்காய், தோடம்பழம் ஆகியவற்றின் தோலிலுள்ள லிமொனீனோ ஒரு லீற்றர் தண்ணீரிற் சில மில்லிகிராம் அளவுக்கு மேல் கரையாது. வாசனைக்கு வாசனை சுபாவம் வேறுபடும் என்பதை அறியாமல், ரோஜாவுக்குப் பொருந்தியது தேசிக்காய்க்கும் பொருந்தும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை.

எண்ணெய்க்கு உகந்த கரைப்பான் மதுசாரமே என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே அழகானதொரு சான்று உண்டு. மாத்தறை, அம்பாந்தோட்டைப் பகுதிகளிற் பயிரான சிற்றனெல்லாப் புல்லிலிருந்து வடித்த எண்ணெய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. ஏற்றுமதி பெருகியபோது மண்ணெண்ணெய் கலக்கும் மோசடியும் பெருகிற்று. அதைக் கண்டுபிடிக்க ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துச் சிம்மெல் கம்பெனி வகுத்த பரீட்சை மிக எளிது: 1 பங்கு எண்ணெயை 80 வீத மதுசாரம் 10 பங்கோடு சேர்த்து வைத்தால், கலவை சற்று மங்கினாலும் எண்ணெய்த் துளிகள் பிரிந்து தேங்கலாகாது, மண்ணெண்ணெய் கலந்திருந்தால் அது கரையாமற் பிரிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இலங்கைப் புல்லெண்ணெயின் நாணயத்தை உலகச் சந்தையில் நிறுத்துப் பார்த்த அந்தப் பரீட்சை, வீட்டிலே வாசனைநீர் கலப்பவருக்கும் ஒரு நல்லாசான் என்பது என் துணிபு.

அதிலுள்ள 80 என்ற எண்ணைக் கவனியுங்கள். சாராயம் ஊற்றினாற் போதும் என்பாரும் உளர். சாராயத்தில் மதுசாரம் 40 வீதத்துக்கு மேற்படுவது அரிதாகையால் எண்ணெய் அதிற் செம்மையாகக் கரைவதில்லை. மருந்துக்கடையில் விற்கும் ஸ்பிரிட் ஏற்றது. அதன் லேபிளில் எதனோலா, ஐசோபுறொப்பைலா, எத்தனை வீதம் என்பவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்; மெதனோல் கலந்தது வேண்டவே வேண்டாம். 100 மில்லிலீற்றர் போத்தலுக்கு 2 மில்லிலீற்றர் எண்ணெய் தாராளம். அதை முதலில் 70 மில்லிலீற்றர் செறிந்த மதுசாரத்திற் கரைத்து, ஒரு நாள் ஆறவிட்டு, பிறகு கொதித்தாறிய தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வரும்போது, கலவை எந்தத் துளியிற் கலங்கத் தொடங்குகிறதோ அங்கே நிறுத்திவிட வேண்டும். கலங்கியதைத் தெளிவிக்க இன்னுங் கொஞ்சம் மதுசாரம் போதும். கிணற்று நீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள சுண்ணாம்பும் உப்பும் காய்ந்து துவாரத்தை அடைக்கும். தோடம்பழ எண்ணெய் சிலவகைப் பிளாஸ்திக்கை இளக்கிவிடுமாதலால், நிறமூட்டிய கண்ணாடிப் போத்தலே உத்தமம்.

மதுசாரம் தீப்பற்றும். சுவாமி அறையில் விளக்கெரியும்போதும், அடுப்பு மூண்டிருக்கும்போதும் இதை விசிறலாகாது.

எண்ணெய் எதற்கு, ரம்பையையும் கறுவாப்பட்டையையும் தேசிக்காய்த் தோலையும் அவித்த நீரை வடித்து வைத்தாற் போதாதா என்று கேட்போர் உண்டு. அவித்த அன்றைக்கு, அடுப்பிலே மெல்லக் கொதித்துக்கொண்டிருக்கும் வரையில், வீடு நிறைய மணக்கும். அதற்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த நீரில் இறங்கியிருக்கும் சர்க்கரையும் மாச்சத்தும் நுண்ணுயிருக்கு நல்ல ஆகாரம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சில நாள்களிலேயே புளித்துவிடும்; அதை ஈரச்சுவரில் விசிறுவது, எந்தப் பூஞ்சணத்தின் வாடையை ஒழிக்கப் புறப்பட்டோமோ அதற்கே விருந்து வைப்பதாக முடியும்.

இயற்கைப் பொருளாகையால் தீங்கில்லை என்ற நம்பிக்கை இவை எல்லாவற்றிலும் ஆழ வேரூன்றியது. ஆகவே எல்லாவற்றிலும் அபாயமானது. யூஜினோல் தோலுக்கு ஒவ்வாமை உண்டாக்கவல்லது. லிமொனீன் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து போர்மல்டிகைட்டைத் தோற்றுவிக்கிறது. பூனையின் ஈரலுக்கு இத்தகைய பதார்த்தங்களை மாற்றி வெளியேற்றும் திறன் குறைவு. இழுப்பு நோயாளரும் கைக்குழந்தையும் இருக்கும் அறையில் எந்த வாசனையையும், அது எவ்வளவு சுத்தமானதாயினும், விசிறாமல் விடுவதே விவேகம்.

வாசனை துர்நாற்றத்தை நீக்குவதும் இல்லை, மறைக்கிறது, அவ்வளவே. மூக்கோ ஒரே மணத்துக்குச் சிறிது நேரத்திற் பழகிப்போவதால், விசிறியவர் மணம் போய்விட்டதென்று மேலும் மேலும் விசிற, வெளியிலிருந்து சடங்குக்கோ விசேஷத்துக்கோ வரும் விருந்தினர் தலைவலியோடு திரும்புகிறார். வெயில் எறித்த நாளில் ஜன்னலைத் திறந்து, பாயையும் தலையணையையும் முற்றத்திற் காயவிட்டு, ஒழுகும் ஓட்டை மாற்றிய பிறகு விசிறுகின்ற இரண்டு சொட்டு வாசனை, அடைத்த அறையில் விசிறும் அரைப் போத்தலினும் மேலானது.

புல்லெண்ணெய் விசிறினால் நுளம்பு அண்டாது, டெங்கு வராது என்பதும் பாதியளவே மெய். அதன் வலிமை இரண்டொரு மணித்தியாலத்தில் ஆவியாகிவிடும். டெங்கு நுளம்போ பகலிற் கடிப்பது, தெளிந்து தேங்கிய நீரிற் பெருகுவது. 2017ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 1,80,000 பேருக்கு மேல் டெங்குச் சந்தேக நோயாளராகப் பதிவானதை மனத்திற் கொண்டு, முற்றத்துச் சிரட்டையையும் பழைய ரயரையும் முதலிற் கவிழ்த்துவிட்டுப் பிறகு விசிறுங்கள்.

ஒரு வேண்டுகோள் மட்டும் எஞ்சியிருக்கிறது. கலந்த வாசனைநீரைச் சோடா குடித்த வெறும்போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். பெயரும் கலந்த திகதியும் எழுதி ஒட்டிக் குழந்தைகளின் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். அதையும் மீறிக் குழந்தை விழுங்கிவிட்டால், வாந்தியெடுக்க வைக்க முயலாமல், அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு தாமதமின்றிக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள்.