மக்கள் மறுமொழியும் மக்கள் நல்வாழ்வும்: எபோலா தந்த பாடம்

முன்னுரை

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்து இறுதிக் குறள் மருத்துவத்தின் கூறுகளை நான்காக எண்ணுகிறது. அவற்றுள் முதலில் வைக்கப்படுபவன் நோயுற்றவனே. மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் ஆகியோர் அவனுக்குப் பின்னரே இடம்பெறுகின்றனர். இம்முறைவைப்பு எண்ணத்தக்கது. நோய்த்தடுப்புக்காக மக்களின் பழக்கங்களை மாற்ற முனையும் திட்டங்கள் பல, மக்களைச் செய்தி கேட்போராக மட்டுமே கருதிவிடுகின்றன. கேட்டவர் கூறும் மறுமொழி திட்டத்தையே மாற்றும் அளவுக்கு மதிக்கப்படும்போதுதான் அத்திட்டம் வெற்றி பெறும். இதனை மேற்கு ஆப்பிரிக்க எபோலா நோயின் வரலாறு கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயும் மரபும்

2013ஆம் ஆண்டின் இறுதியில் கினி நாட்டில் தோன்றிய இந்நோய், 2014 மார்ச்சில் எபோலா என அடையாளம் காணப்பட்டது. அண்டை நாடுகளான லைபீரியாவிலும் சியரா லியோனிலும் அது விரைந்து பரவியது. 2016இல் அது ஓய்வதற்குள் 28,600க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 11,300க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

எபோலா காற்றின் வழியே பரவும் நோயன்று. நோயாளியின் குருதி, வாந்தி, கழிவு முதலியவற்றைத் தொடுவதால் பரவுவது. இறந்தவர் உடலில் நோய்க்கிருமி மிகுந்திருக்கும் ஆதலின், அதனைத் தொடுவது பேரிடர். கினியிலும் சியரா லியோனிலும் முஸ்லிம்களே பெரும்பான்மையினர். மய்யித்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, ஜனாஸா தொழுது அடக்கம் செய்வது அவர்தம் கடமை. கிறித்தவர் மிகுந்த லைபீரியாவிலும் இறந்தவரைத் தொட்டு வழியனுப்பும் வழக்கம் வேரூன்றியிருந்தது. அன்பும் கடமையும் கலந்த செயலே நோய் பரவும் வாயிலாயிற்று. புதிதாக நோயுற்றோருள் குறைந்தது 20 விழுக்காட்டினர் அடக்கத்தின்போதே நோயைப் பெற்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2014 நவம்பரில் தெரிவித்தது.

ஒருவழிச் செய்தியின் விளைவு

தொடக்கத்தில் மக்களுக்குச் சொல்லப்பட்ட செய்திகளுள் ஒன்று, எபோலாவுக்கு மருந்தில்லை என்பது. எச்சரிக்கையாகக் கூறப்பட்ட இச்சொல்லை மக்கள் வேறுவிதமாகப் பொருள்கொண்டனர். மருந்தில்லையெனில் மருத்துவமனைக்குச் செல்வானேன்? சாவதாயின் வீட்டிலேயே உற்றார் நடுவில் சாகலாமே! சொன்னவர் கருதிய பொருள் வேறு. கேட்டவர் கொண்ட பொருள் வேறு.

சிகிச்சை நிலையத்தின் மதில்களுக்குள் சென்றவர்க்கு என்ன நேர்ந்தது என்பதை உறவினர் காண இயலவில்லை. ஐயம் வதந்தியாயிற்று, வதந்தி பகையாயிற்று. 2014 செப்டம்பரில் கினியின் வோமே என்னும் ஊருக்கு எபோலா விழிப்புணர்வூட்டச் சென்ற குழுவினருள் எண்மர் கொல்லப்பட்டனர்.

லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் உடல்களை எரிக்குமாறு 2014 ஆகஸ்டில் அரசு ஆணையிட்டது. எரியூட்டும் வழக்கமில்லாத மக்கள் அதனை இறந்தவர்க்கு இழைக்கும் அவமதிப்பாகவே கண்டனர். ஆகவே நோயாளிகளை மறைத்தனர். இரவில் கமுக்கமாகப் புதைத்தனர். நோயைத் தடுக்க வந்த ஆணை நோயை மறைக்கத் தூண்டியது.

மறுமொழி கேட்ட பின்னர்

இந்நிலையில் மானிடவியல் அறிஞரும் சமயத் தலைவர்களும் பணியில் இணைக்கப்பட்டனர். மக்கள் எதை மறுக்கின்றனர், ஏன் மறுக்கின்றனர் என்பது கேட்டறியப்பட்டது. உலக சுகாதார நிறுவனம், செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களோடும் இஸ்லாமிய, கிறித்தவத் தொண்டு நிறுவனங்களோடும் கலந்து 2014 நவம்பரில் புதிய அடக்கநெறியை வெளியிட்டது. 'பாதுகாப்பான அடக்கம்' என்பதோடு 'கண்ணியமான' என்ற சொல்லும் சேர்ந்தது. அச்சொல் வெறும் அணியன்று. குடும்பத்தாரின் இசைவு பெறாமல் அடக்கத்தைத் தொடங்கலாகாது என்பது நெறியாயிற்று. குடும்பத்தாரும் இமாமும் பாதிரியாரும் திட்டமிடுவதிலும் அடக்கத்திலும் பங்குபெற இடம் தரப்பட்டது. முஸ்லிம் மய்யித்துக்கு நீராட்டலுக்கு மாற்றாகத் தயம்மும் முறையும், வெண்துணியால் கபனிடலும் அந்நெறியில் இடம்பெற்றன. நீரைப் பயன்படுத்த இயலாத நிலையில் தயம்மும் செய்வது மார்க்கம் அறிந்த சலுகையே. எனவே மக்களிடம் புதிதாக ஒன்றைத் திணிக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய நெறிக்குள்ளேயே விடை இருந்தது. அதனை எடுத்துக்காட்ட மார்க்கம் அறிந்தோர் தேவைப்பட்டனர்.

லைபீரியாவில் டிஸ்கோ ஹில் என்னுமிடத்தில் அடக்கநிலம் பெறப்பட்டது. 2014 டிசம்பர் இறுதியில் எரியூட்டல் கைவிடப்பட்டது. சியரா லியோனில் தன்னார்வலர் ஊர்தோறும் சென்று, ஊரார் தாமே செயல்திட்டம் வகுக்கத் துணைநின்றனர். பின்னரும் பலமுறை சென்று, நடந்ததையும் தடைப்பட்டதையும் கேட்டறிந்தனர்.

பெறப்படும் நெறிகள்

மறுமொழி கேட்டல் என்பது கேட்டதையெல்லாம் கொடுத்தல் அன்று. உடலை வெறுங்கையால் தொடலாகாது என்பது இறுதிவரை மாறவில்லை. மாறியிருப்பின் உயிர்கள் போயிருக்கும். ஆகவே நலத்திட்டம் வகுப்போர் செய்யத்தக்கவை நான்கு. அவையாவன:

1. நோயின் இயல்பால் விட்டுக்கொடுக்க இயலாதது எது, வெறும் நிர்வாக வசதிக்காக வகுக்கப்பட்டது எது எனப் பிரித்தறிதல்.

2. செய்தியை வெளியிடுமுன் சிலரிடம் கூறி, அவர்கள் என்ன பொருள் கொண்டனர் என வினவுதல்.

3. மறுப்பை அறியாமை எனத் தள்ளாது, அதன் காரணத்தைப் பதிவு செய்தல்.

4. கேட்டதனால் எது மாறியது, எது மாறவில்லை, ஏன் என்பதை மக்களிடமே திரும்பச் சென்று உரைத்தல்.

இவற்றுள் நான்காவதே பெரிதும் மறக்கப்படுவது. கருத்தைக் கேட்டுவிட்டு மீண்டும் வாராதவரை மக்கள் அடுத்த முறை நம்புவதில்லை.

முடிவுரை

மருத்துவ அறிவு மாறாதிருக்க, மக்களை அணுகும் முறை மாறியதால் கதவுகள் திறந்தன. எபோலா ஓய்ந்ததற்குக் காரணங்கள் பல. அவற்றுள் இந்த அணுகுமுறை மாற்றமும் ஒன்று. நாளை சிற்றூர்களில் நலப்பணி ஆற்றச் செல்லும் மாணவர், சொல்ல வேண்டியதைக் குறித்துக்கொள்ளும் ஏட்டில், கேட்டதை எழுதவும் பாதிப் பக்கங்களை ஒதுக்கிவைப்பாராக.