பெட்டியும் குழாய்களும்

சுங்காய் நிலையத்தில் இரயில் ஏறும்வரை தாத்தா முனகிக்கொண்டே வந்தார். "நமக்கு அங்கே என்ன வேலை, ஐயா?"

தோட்டத்துக் கோயில் பஜனைகளில் ஆர்மோனியம் வாசித்தவர் அவர். இடக்கை தளர்ந்து துருத்தி போட முடியாமல் போனதும், பெட்டியை மூடி வைத்துவிட்டார்.

கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தின் அருகில் இருக்கிறது செயின்ட் மேரி பேராலயம், 1895இல் திறக்கப்பட்டது. அங்குள்ள குழாய் ஆர்கனைச் செய்தவர் இங்கிலாந்தின் ஹென்றி வில்லிஸ்.

கச்சேரிக்கு முன் ஒருவர் விளக்கினார். கட்டையை அழுத்தினால் அடைப்பு திறந்து, காற்று குழாய்க்குள் பாயும். புல்லாங்குழலில் துளைகளை மூடித் திறந்து பல சுரங்களை எழுப்பலாம். ஆர்கன் குழாயில் விரல்துளை இல்லை. குழாய்க்கு ஒரே சுரம். அதனால்தான் நூற்றுக்கணக்கான குழாய்கள்! நெடியவை தாழ்ந்து ஒலிக்கும், குட்டையானவை கீச்சிடும். மின்சாரம் வருவதற்கு முன் வாசிப்பவர் ஒருவர், துருத்தி இயக்குபவர் இன்னொருவர். தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிறகு பாடகர் குழு எழுந்தது. பஜனையில் எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவோம். இங்கோ பெண்கள் இரு பிரிவு, ஆண்கள் இரு பிரிவு. ஒரே நேரத்தில் நான்கு மெட்டுகள். எனக்குத் தலை சுற்றியது.

தாத்தா காதருகே குனிந்தார். "அடியில் ஒலிக்கும் ஆண்குரலை மட்டும் பிடித்துக்கொள்."

பிடித்தேன். மற்ற மூன்றும் மெல்ல மெல்லத் தனித்தனியே கேட்கத் தொடங்கின.

அன்றிரவு வீட்டில் ஆர்மோனியப் பெட்டி திறந்தது. தாத்தா வலக்கையைக் கட்டைகள்மீது வைத்து என்னைப் பார்த்தார். நான் துருத்தியைப் பிடித்தேன்.