டயருக்குப் பாலிஷ் போடும் முறை

மளிகை வியாபாரிக்கும் டயர் பாலிஷுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சரக்கு கொண்டுபோக நம்மில் பலரிடம் ஒரு குட்டி யானை வண்டியோ, மொபெட்டோ, காரோ இருக்கிறது. தவிர, பினாயில், சோப்பு வரிசையோடு டயர் பாலிஷ் பாட்டிலையும் இப்போது பல கடைகளில் விற்கிறோம். விற்கிற பொருளைப் பற்றி வாடிக்கையாளர் கேட்டால் நமக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

இதை எழுதத் தூண்டியது நம் கடையில் நடந்த ஒரு சம்பவம். ஓர் ஆயுத பூஜைக்கு முதல் நாள், கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வேனையும் மொபெட்டையும் கழுவிப் பாலிஷ் போட்டார். வேனுக்குப் போட்டது போக மீதி இருந்ததை வீணாக்க மனமில்லாமல், மொபெட்டின் இரண்டு டயரிலும் தரையில் படும் பாகத்தையும் சேர்த்து முழுவதும் பூசிவிட்டார். பார்ப்பதற்குப் புது டயர் போல இருந்தது. "நன்றாக இருக்கிறதே தம்பி" என்று நாமும் பாராட்டினோம். மறுநாள் பூஜை முடிந்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, இரண்டு எண்ணெய் டின்னோடு கிளம்பியவர் தெருமுனைத் திருப்பத்திலேயே சறுக்கி விழுந்தார். முழங்கை எலும்பு முறிந்து மூன்று மாதம் வேலைக்கு வர முடியவில்லை. தவறு அவருடையது அல்ல. பாட்டிலை வாங்கிக் கொடுத்துவிட்டு, எங்கே பூசக்கூடாது என்று சொல்லாமல் விட்டது நாம்தான்.

எனவே முதலில் கூடாததைச் சொல்லிவிடுகிறோம். தரையில் படும் பாகத்தில், அதாவது மெக்கானிக்குகள் பட்டன் என்று சொல்லும் இடத்தில், ஒரு சொட்டும் படக்கூடாது. பிரேக் டிஸ்க், டிரம், கால் வைக்கும் படி, பெடல், ஸ்டியரிங், சீட் இவற்றிலும் கூடாது. மொபெட், ஸ்கூட்டர், பைக் டயர்களுக்குப் பாலிஷே வேண்டாம். திருப்பத்தில் இரு சக்கர வண்டி சாயும்போது டயரின் ஓரமும் தரையைத் தொடும். தெரியாமல் பட்டுவிட்டால் ஷாம்பு போட்டு பிரஷால் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவி, உலர்ந்த சாலையில் மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டிய பிறகே வேகம் எடுக்க வேண்டும்.

கடைகளில் வருவது பெரும்பாலும் இரண்டு வகை. பால் போல வெள்ளையாக இருப்பது, சிலிக்கோனைத் தண்ணீரில் கலந்து செய்தது. பளபளப்பு மிதமாக இருக்கும், சில மழையில் போய்விடும். எண்ணெய் போலத் தெளிவாக இருப்பது பெட்ரோலியக் கரைப்பானில் கலந்தது. பளபளப்பு அதிகம், நாளும் தாங்கும். ஆனால் பிசுபிசுப்பில் தூசி ஒட்டும், எளிதில் தீப்பிடிக்கும், நெடியும் உண்டு. நாம் வெள்ளையையே வாங்குகிறோம். இன்னும் சிலர் காசை மிச்சம் பிடிப்பதாக நினைத்து டீசலும் வேஸ்ட் ஆயிலும் பூசுகிறார்கள். அன்று ஒரு நாள் கறுப்பாகத் தெரியும். கனிம எண்ணெய் டயர் ரப்பரை ஊற வைத்து மென்மையாக்கிவிடும். பாலிஷ் பாட்டிலின் விலை எங்கே, ஒரு டயரின் விலை எங்கே?

டயரின் பக்கவாட்டில் பழுப்பு நிறம் படர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் மண் அல்ல. காற்றில் உள்ள ஓசோனால் ரப்பர் வெடிக்காமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே சில மருந்துகளை அதில் கலக்கிறார்கள். அவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து வந்து, காற்றுப் பட்டுப் பழுப்பாகின்றன. அதன் மேலேயே பாலிஷ் பூசினால் ஒட்டாது, திட்டுத்திட்டாகத் தெரியும். ஷாம்பு போட்டுப் பிளாஸ்டிக் பிரஷால் நுரை பழுப்பாக வருவது நிற்கும்வரை தேய்க்க வேண்டும். பாதி வேலை இதுதான். ரிம்மின் ஓரத்தில் தேங்கும் தண்ணீரையும் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள்.

ஓடி வந்து சூடாக இருக்கும் டயரிலோ, உச்சி வெயிலிலோ போடக்கூடாது. நிழலில் நிறுத்திப் போடுங்கள். ஸ்பிரே பாட்டிலாக இருந்தாலும் நேரே டயரில் அடிக்காமல் ஸ்பாஞ்சில் அடித்துப் பூசுங்கள். காற்றில் பறந்து பிரேக்கிலும் கண்ணாடியிலும் படியும். கண்ணாடியில் சிலிக்கோன் பட்டால் இரவில் எதிர் வண்டி வெளிச்சம் கலங்கித் தெரியும். பெயிண்டில் பட்டாலும் தொல்லைதான். பின்னால் அந்த இடத்தில் மறுபடி பெயிண்ட் அடித்தால் சிறு சிறு பள்ளமாக விழும் என்பதை எந்தப் பெயிண்டரைக் கேட்டாலும் சொல்வார். வேன் டயர் ஒன்றுக்கு இரண்டு தேக்கரண்டிக்கு மேல் தேவைப்படாது. பூசிப் பத்து நிமிடம் கழித்து, பனியன் வேஸ்ட் துணியால் மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். துடைக்காமல் ஓட்டினால் சக்கரம் சுற்றும் வேகத்தில் தெறித்து மட்கார்டு முழுவதும் கறுப்புப் புள்ளியாகும். துடைத்த பின்னும் ஒரு மணி நேரமாவது வண்டியை எடுக்காமல் இருப்பது நல்லது. மாதம் ஒரு முறை போதும்.

பெயிண்ட் அடிக்காத கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களுக்கும், அதாவது பம்பர், பக்கக் கண்ணாடியின் கூடு, கதவுப் பட்டை இவற்றுக்கும் இதே முறைதான். வெயிலில் இவை வெளுத்துப் போகும். பாலிஷ் அந்த வெளுப்பை மறைக்குமே தவிர, பழைய நிறத்தை நிரந்தரமாகத் திருப்பித் தராது. இதற்கென்றே தனிப் பாட்டிலும் உண்டு. எதுவானாலும் மெல்லியதாகப் பூசித் துடையுங்கள்.

பாலிஷ் போடுவதற்கு முன், கழுவிய டயரை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது. மயிரிழை போல வெடிப்பு இருக்கிறதா, பட்டன் நடுவே உள்ள அடையாள மேடு அளவுக்குத் தேய்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். அதைத் தொட்டுவிட்டால் டயரை மாற்ற வேண்டியதுதான். பழைய வண்டி வாங்கும்போது டயர் பளபளவென்று இருந்தால் இன்னும் கவனம் தேவை. நாமே ஒரு முறை அந்தப் பளபளப்பைப் பார்த்து ஏமாந்து, வாங்கிய மாதமே இரண்டு டயர் மாற்றினோம்.

கடையில் விற்பவர்கள், லேபிளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, அளவு, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேனில் கொண்டுவந்து லிட்டர் கணக்கில் ஊற்றித் தருகிற சரக்கு வேண்டவே வேண்டாம். மொபெட்டில் வந்து இந்தப் பாட்டில் கேட்பவரிடம், "அண்ணே, இது கார் டயருக்கு, உங்கள் வண்டிக்குப் போட்டுவிடாதீர்கள்" என்று நம் கடையில் சொல்லித்தான் கொடுக்கிறார்கள். கை சரியாகித் திரும்பி வந்த அந்தத் தம்பிதான் இதை எல்லோரையும் விட அழுத்திச் சொல்கிறார்.

இன்னொன்று, டீத்தூள், அரிசி, கோதுமை மாவு மூன்றும் நெடியைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். முன்பு இடமில்லாமல் டீத்தூள் அலமாரியின் கீழ்த்தட்டில் பாலிஷ் பாட்டில்களை வைத்திருந்தோம். ஒரு டீக்கடைக்காரர் முழுச் சிப்பத்தையும் திருப்பிக் கொண்டுவந்து வைத்த பிறகு, அவற்றைப் பினாயில், ஆசிட் இருக்கும் பின்கட்டுக்கு மாற்றிவிட்டோம்.