அலை மாறினால் அளப்பது எப்படி?

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் எங்கே தொடங்கியது தெரியுமா? நம் நாகர்கோவிலில்தான், 1984 அக்டோபர் 30 அன்று. அதன் பண்பலை அதிர்வெண் 101 மெகாஹெர்ட்ஸ்.

முள் நகரும் வானொலிப் பெட்டியில் 101இல் முள்ளை நிறுத்துகிறீர்கள், பேச்சு கேட்கிறது. ஆனால் பெட்டிக்குள் 101 மெகாஹெர்ட்ஸ் அலை வெகுதூரம் செல்வதில்லை. உள்ளே இருக்கும் அலையியற்றி 111.7 மெகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்குகிறது. இரு அலைகளும் 'மிக்சர்' எனப்படும் கலப்பியில் சேரும்போது, அவற்றின் கூட்டுத்தொகையும் வித்தியாசமும் புதிய அதிர்வெண்களாகப் பிறக்கின்றன. வித்தியாசம் 111.7 - 101 = 10.7. முள்ளை நகர்த்தினால் அலையியற்றியும் கூடவே நகர்கிறது. ஆகவே எந்த நிலையமானாலும் வித்தியாசம் 10.7தான். அந்த ஓர் அதிர்வெண்ணுக்குச் செம்மையாக அமைத்த பெருக்கிகளே எல்லா நிலையங்களுக்கும் போதும். இது 1918இல் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் வகுத்த முறை.

செய்து பாருங்கள்

பாட்டரியில் இயங்கும் பழைய டிரான்சிஸ்டர் பெட்டிகள் இரண்டை அருகருகே வையுங்கள். ஒன்றில், மத்திய அலையில் கேட்கும் ஒரு நிலையத்தை வையுங்கள். அது திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸ் என்று கொள்வோம். மற்றதன் முள்ளை 742 அருகே மெல்ல நகர்த்துங்கள். முதல் பெட்டியில் 'கீ' என்ற சீழ்க்கை ஒலி எழும். அது தணிந்து மறைந்து மீண்டும் உயரும். மத்திய அலையில் வித்தியாச அதிர்வெண் சுமார் 455 கிலோஹெர்ட்ஸ். 742 + 455 = 1197 அல்லவா? இரண்டாம் பெட்டியின் அலையியற்றியைத்தான் முதல் பெட்டி கேட்கிறது!

ஆய்வுக்கூடத்தில்

கலப்பி நன்றாக வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? நெட்வொர்க் அனலைசர் என்ற கருவி, ஒரு சாதனத்துக்குள் அலையை அனுப்பி, வெளிவரும் அலையை அதனுடன் ஒப்பிடும். வலிமை எவ்வளவு குறைந்தது, கட்டம் எவ்வளவு பிந்தியது என்று சொல்லும். கலப்பியிலோ, போவது 101, வருவது 10.7!

வலிமையை அளப்பது எளிது. 101இல் அனுப்பி, 10.7இல் கேட்குமாறு கருவியை அமைத்தால் போதும். 1 மில்லிவாட் அனுப்பி 0.2 மில்லிவாட் வந்தால், மாற்றத்தில் ஏற்பட்ட இழப்பு 7 டெசிபல்.

கட்டம்தான் சிக்கல். நிமிட முள்ளையும் மணி முள்ளையும் பார்த்து 'எது பிந்தியது?' என்று கேட்டால் பொருள் உண்டா? வேகமே வேறாயிற்றே! இதற்கொரு வழி கண்டார்கள். அதே மூல அலையை இன்னொரு கலப்பிக்கும் அனுப்பி, இரண்டுக்கும் ஒரே அலையியற்றியை இணைத்தார்கள். இப்போது இரண்டிலிருந்தும் வருவது 10.7, ஒப்பிட்டுவிடலாம்.

இது வீண் வேலையன்று. தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் பல, 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் பெற்று 4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் திருப்பி அனுப்புகின்றன. ஒரே செய்தியின் பகுதிகள் வெவ்வேறு அளவு தாமதித்தால் செய்தி சிதையும். விண்ணில் ஏறிய பின் பழுது பார்க்க முடியாது. தரையிலேயே அளந்தாக வேண்டும்.

சிந்திக்க: 122.4 மெகாஹெர்ட்ஸில் வேறோர் அலை வந்தால் நம் கலப்பி என்ன செய்யும்? 111.7ஐக் கழித்துப் பாருங்கள். அந்த அலையை எந்த இடத்தில் தடுக்க வேண்டும், கலப்பிக்கு முன்பா, பின்பா?