நான்கு வெள்ளி ரூபாய்களில் எதை எடுப்பது?

பழங்காசுக் கடைத் தட்டில் நான்கு வெள்ளி ரூபாய்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 1862-இன் விக்டோரியா, 1911, 1918 என இரண்டு ஐந்தாம் ஜார்ஜ், 1944-இன் ஆறாம் ஜார்ஜ். அச்சாகி வந்தபோது நான்கும் ஒரே எடை. 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. கையில் தூக்கிப் பார்த்து எதுவும் பிடிபடாது.

வெள்ளிக்காக வாங்குபவர் 1944-ஐ ஒதுக்கிவிடலாம். 1940 முதல் வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும். மற்ற மூன்றிலும் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, ஏறக்குறைய 10.7 கிராம். அன்றைய வெள்ளி விலையால் இதைப் பெருக்கினால் அடிவிலை தெரிந்துவிடும். தேய்ந்த காசென்றால் நிறுத்துப் பார்த்துக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அடிவிலைக்கு மேல் எவ்வளவு தரலாம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ராணி காலத்துக் காசு, நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பழசு என்று 1862-க்குக் கூட்டிச் சொல்வார்கள். ஆனால் அந்த ஆண்டைப் பொறித்த ரூபாயைத் தொடர்ந்து பத்தாண்டுக்கு மேல் அடித்தார்கள். அதனால் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. 1918-உம் அப்படித்தான். முதல் உலகப்போரின்போது ரூபாய்க்கு வெள்ளி போதாமல், அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்கு அனுப்பியது. அந்த ஆண்டில் கோடிக்கணக்கில் அச்சானது. 1911-இன் கதை வேறு. அரசரின் அங்கியில் இருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பவே காசைத் திரும்பப் பெற்று, பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு யானையின் உருவத்தைத் திருத்தி வெளியிட்டார்கள்.

அப்படியானால் 1911-ஐ எடுத்துவிடலாமா? முதலில் விளிம்பைப் பாருங்கள். நம் வீடுகளில் ரூபாய்க் காசுக்கு வளையம் வைத்துக் கழுத்தில் கோத்துப் போட்டிருக்கிறார்கள். வளையத்தை எடுத்த பிறகும் பற்றவைத்த தடம் போகாது. அந்த இடத்தில் விளிம்புக் கோடுகள் அடைபட்டு, வெள்ளியின் நிறமும் மாறியிருக்கும். எவ்வளவு அரிய ஆண்டானாலும் அந்த வடுவுள்ள காசுக்குச் சேகரிப்பாளர் பாதி விலைகூடத் தரத் தயங்குவார். துளையிட்டு அடைத்த காசும் அப்படியே.

அடுத்து பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். ஜார்ஜ் ரூபாயில் கிரீடத்துக் கற்கள், காது, மார்பு மாலையில் தொங்கும் யானை ஆகிய மேடான இடங்கள்தான் முதலில் மழுங்கும். யானையின் கால்கள் தனித்தனியாகத் தெரிந்தால் காசு அதிகம் புழங்கவில்லை. பிறகு காசை விளக்கடியில் மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். தேய்க்காத காசில் ஒளி ஆரக்கால் போலச் சுற்றி வரும். விபூதியோ பற்பொடியோ போட்டுத் துலக்கியது என்றால் ஒளி அசையாமல் நிற்கும், ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் ஓடும். பூஜையறைக் காசுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கதிதான். நல்ல எண்ணத்தோடு செய்து மதிப்பைத் தேய்த்துவிடுகிறார்கள். கருமை படிந்த காசைக் கருமையோடே விடுங்கள். அழுக்குப் போகவேண்டுமானால் வெறும் தண்ணீரில் நனைத்து ஒற்றி எடுப்பது போதும்.

ஆகவே 1911 வடுவில்லாமல், ஓரளவு தேய்ந்திருந்தாலும் அதையே எடுக்கலாம். விளிம்பில் தடம் இருந்தால், கருத்துப்போன, யானைக் கால் தெளிந்த 1918-ஐயே நான் எடுப்பேன். துலக்கிப் பளபளக்கும் 1862-க்கு அடிவிலைக்கு மேல் தர மனம் வராது.

யாராவது 1939 ரூபாயைக் காட்டினால் மட்டும் நிதானம் தேவை. முழு வெள்ளியில் அந்த ஆண்டுக் காசு மிக அரிது, போலிகளோ நிறைய. 1938-இன் எட்டை ஒன்பதாக்கியவையும் உண்டு. கடைசி இலக்கத்தைச் சுற்றி லென்ஸில் செதுக்கிய தடம் தேடுங்கள். எடையும் சரிபாருங்கள்.

வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பும் எண்ணமிருந்தால் ஒன்று: 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. இந்தத் தட்டில் அந்தத் தடைக்குள் வராதது 1944 மட்டும்தான்.