பழைய கேமரா வாங்கும் முன்...

படம் பிடிக்கப் பழகுகிறவருக்கு நல்ல நிலையில் உள்ள செகண்ட் ஹேண்ட் டி.எஸ்.எல்.ஆர். தாராளமாகப் போதும். கடைக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், இவற்றைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

1. லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் செல்போன் டார்ச்சைக் காட்டி, மறுபக்கத்திலிருந்து சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போல இழைகள் ஓடினால் பூஞ்சை பிடித்திருக்கிறது. கண்ணாடிக்கு உள்ளே இருப்பதால் துணியால் துடைத்துப் போக்க முடியாது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதை முதலில் கவனியுங்கள். பாதி விலைக்குத் தந்தாலும் அந்த லென்ஸ் வேண்டாம்.

2. ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். ஷட்டர் தேயும் பாகம். மாற்றச் செலவு அதிகம். நிக்கானில் எடுத்த படத்தின் தகவலிலேயே இந்த எண் பதிவாகியிருக்கும்.

3. லென்ஸின் துளையை (அப்பர்ச்சர்) எஃப்/16-இல் வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுங்கள். சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும்.

4. நிக்கான் டி3500, டி5600 வாங்கினால் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி லென்ஸாகத் தேர்ந்தெடுங்கள். இந்த கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

5. பில்லில் உள்ள சீரியல் எண்ணையும் கேமராவின் அடியில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். திருட்டுப் பொருள் தலையில் விழாது.

6. வாங்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். துணிப்பையில் ஈரம் தங்கும்.